பால் ஈயத்தை முறிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஓர் அம்மா எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இங்கே பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு பேட்டரி கம்பெனியில் அவருடைய மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். சம்பளம் பரவாயில்லை, ஓ.டி. உண்டு, பஸ் உண்டு. அதோடு, "ஈயம் உடம்பில் தங்காமல் இருக்கத் தினமும் ஒரு பெட்டிப் பாலும் கொடுக்கிறார்கள்" என்று முதலாளியை வாயார வாழ்த்தியிருந்தார். பேப்பரை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். அதே பாலை இருபத்து மூன்று வருஷம் குடித்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 64. நிபோங் திபாலுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் மரத்தை விட்டு 1985-இல் பட்டர்வொர்த்துக்கு வந்து ஒரு பேட்டரி தொழிற்சாலையில் சேர்ந்தேன். 2008 வரைக்கும் அங்கேதான். கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்றைக்கு அந்த இடத்தில் வேறு யாரோ என்னவோ செய்கிறார்கள். பெயரைச் சொல்லி யாரையும் சிக்க வைப்பது என் நோக்கம் இல்லை.

நான் இருந்தது பேஸ்டிங் பகுதி. ஈய ஆக்சைடு பொடியைத் தண்ணீரும் ஆசிட்டும் சேர்த்துப் பிசைந்து, வலை மாதிரி இருக்கும் கிரிட்டில் பூசுவார்கள். ஈரமாக இருக்கும்வரை அது சேறு. காய்ந்துவிட்டால் பொடி. அந்தப் பொடிதான் ஆளைக் கொல்லும். பிளேட்டை அடுக்குகிற பகுதிக்குப் போனால் இன்னும் மோசம்: காய்ந்த பிளேட்டுகளைக் கையில் எடுத்துத் தட்டித் தட்டி அடுக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்னப் புகை எழும். ஜன்னல் வழியாக வெயில் விழும் நேரத்தில் பார்த்தால் அழகாகக்கூட இருக்கும். காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஒருவர் துடைப்பத்தால் தரையைக் கூட்டுவார், இராத்திரி முழுக்கக் கீழே படிந்ததெல்லாம் மறுபடி எங்கள் மூக்குக்கு வரும். மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும் முதல் நாளே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். ஈரத்துணியால் துடைத்தால் தூசி பறக்காது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

நாங்கள் அதை ஈயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "லெட்" என்றுதான் சொல்வோம். "உனக்கு லெட் ஏறிடுச்சா?" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வோம். ஈயம் என்றால் நம் ஆட்களுக்கு வேறு நினைப்பு. பேராக்கில் தோண்டியதும் ஈயம், டத்தோ கிராமட்டிலும் பட்டர்வொர்த்திலும் ஆலையில் உருக்கியதும் ஈயம், பாட்டி ரசம் வைத்த சொம்பும் ஈயச்சொம்பு. தலைமுறை தலைமுறையாக ஈயச்சொம்பில் ரசம் குடித்த சாதி நாம், ஈயம் நம்மை என்ன செய்துவிடும் என்று எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் அடித்துப் பேசுவார். எனக்கும் அது சரி என்றே பட்டது. பிறகுதான் தெரிந்தது: சொம்பும் சுரங்கமும் வெள்ளீயம், பேட்டரிக்குள் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு உலோகம். ஒரு கார் பேட்டரியில் ஏறக்குறைய 10 கிலோ காரீயம் இருக்கும்.

பாலுக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு ட்ரேயில் வரும். கேன்டீனுக்குப் போய்க் குடிக்க நேரம் கிடையாது, மெஷின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கையுறையைக் கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறம். கழுவும் குழாய் அந்தக் கோடியில் இருக்கிறது. அந்த விரலாலேயே பெட்டியை எடுப்போம். ஸ்ட்ராவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விரலுக்குப் பிடிபடாது. பல்லால் கடித்துக் கிழிப்போம். பிறகு ஸ்ட்ராவின் நுனியைக் கட்டை விரலால் அமுக்கிக் குத்துவோம், அந்த நுனியைத்தான் வாயில் வைப்போம். குடித்துப் போட்ட வெள்ளைப் பெட்டிகளைக் குப்பைத் தொட்டியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நாலு விரல் ரேகை, போலீஸ்காரன் எடுத்த மாதிரி துல்லியமாக. ஈயம் தங்காமல் இருக்கக் கொடுத்த பாலோடு சேர்த்து ஈயத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தோம், அம்மா. வெற்றிலை போடுகிறவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம்.

பாலில் துளிகூட நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள், அவள்தான் எனக்கு இதைப் புரியவைத்தாள். ஈயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போடும். உடம்பும் ஏமாந்து அதை எலும்பில் கொண்டுபோய் அடுக்கிவிடும். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைவாக இருக்கிறவனின் குடல் ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே நன்றாகச் சாப்பிடுவது நல்லதுதான், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது கெடுதல்தான். ஆனால் வேலையிடத்தில் ஈயம் பெரும்பாலும் மூச்சு வழியாகப் போகிறது. நுரையீரலில் இறங்கிய நுண்பொடி நேராக ரத்தத்தில் கலக்கும். வயிற்றில் இருக்கும் பால் அதை எப்படிப் போய்ப் பிடிக்கும்? பாம்பு கடித்தவனுக்கு மோர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதைப் போன்ற வைத்தியம் இது. முதலாளிக்கும் வசதி. புகைபோக்கி மாட்டுவதைவிட, காற்றை இழுக்கும் மெஷின் வைப்பதைவிடப் பால் மலிவு.

எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். முடிவு என்ன என்று கேட்டால் சூப்பர்வைசர் "ஓகேலா, லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்பார். யாருடைய லிமிட், எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. 1994-இல் கம்பெனி கிளினிக்குக்கு ஒரு மலாய்க்கார மிஸ்ஸி (நர்ஸ்) வந்தார். நல்ல மனுஷி. அவர்தான் ஒருநாள் தாளைத் திருப்பி என் பக்கம் காட்டி, "இது உங்கள் நம்பர், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கடைக்கடன் எழுதுவதற்கு நான் வைத்திருந்த 555 நோட்டில் அப்போதே எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் அரிசி, சீனி, மைலோ. மறுபக்கம் என் ரத்தம்: 38. அடுத்தது 44. பிறகு 51, 58. 1997-இல் 66. நூறு மில்லி ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று கணக்கு.

அந்த 66-க்கு அப்புறம் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாலு மாதத்தில் 49-க்கு இறங்கியது. "பார்த்தியா, சரியாயிடுச்சு" என்று சொல்லிப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். அடுத்த முறை 63. எனக்கும் திரும்பிப் போவதில் சந்தோஷம்தான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேக்கிங்கில் ஓ.டி. இல்லை. அந்த நாலு மாதமும் மோட்டார் சைக்கிள் தவணை கட்டத் திண்டாடினேன். நம்பர் ஏறினால் சம்பளம் இறங்கும் என்று ஆகிவிட்டால் எந்தத் தொழிலாளி தானாகப் போய் ரத்தம் கொடுப்பான்? ரத்தம் எடுக்கிற நாளில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) போட்டவர்கள் எங்களில் எத்தனையோ பேர். அமெரிக்காவில் 1978-லேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். நம்பர் ஏறிய தொழிலாளியை ஈயம் இல்லாத இடத்துக்கு மாற்றினால், பதினெட்டு மாதம் வரைக்கும் அவன் பழைய வருமானம் குறையக் கூடாது.

நம்பர் இறங்கினால் ஈயம் போய்விட்டது என்று ஏன் நினைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை ஏமாற்றியது அதுதான். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதம் போல விலகி இருந்தாலே பாதியாகக் குறையத் தொடங்கும். எலும்பில் அடுக்கியது அப்படிப் போகாது. பத்து வருஷம், இருபது வருஷம் உட்கார்ந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வட்டி கட்டும். நான் வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் கழித்து 2023-இல் மகளின் நச்சரிப்புக்காக ஒரு பரிசோதனை செய்தேன். 13. ஒருவரின் ரத்தத்தில் 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் சூப்பர்வைசரின் "ஓகேலா"வை நினைத்துக்கொண்டேன்.

என்னோடு பிளேட் அடுக்கிய ஓர் அண்ணன் இருந்தார். எனக்கு ஆறு வயது மூத்தவர், பந்து ஆடுவார், கை அப்படி உரமாக இருக்கும். முதலில் வயிற்று வலி என்றார். முறுக்கி முறுக்கி வலிக்கும், நாலைந்து நாள் வெளிக்குப் போகாது. உடம்பு சூடு என்று அண்ணி விளக்கெண்ணெய் கொடுத்தார், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை. இன்னொரு கிளினிக்கில் வேறு கலரில் கேஸ்ட்ரிக் மாத்திரை. முகம் வெளுத்துப் போனது, "ரத்தம் பத்தல" என்று இரும்புச் சத்து மாத்திரை. ஈயம் ரத்தம் ஊறுவதையே தடுக்கும் என்பதை அப்போது யார் கண்டோம்? மூன்று டாக்டரில் ஒருவர்கூட "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்கவில்லை. ஒருநாள் காலைப் பசியாற கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் தேத்தண்ணி கப்பைத் தூக்கினார். கப் மேலே வந்தது, மணிக்கட்டு கீழே தொங்கியது. பிடியிலிருந்து நழுவி மேஜை முழுக்கக் கொட்டியது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல. மணிக்கட்டுத் துவண்டு போவது ஈய நஞ்சுக்குப் பழைய அடையாளம் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஈயத்தைச் சிறுநீர் வழியாக இறக்கினார்கள். கை ஓரளவு திரும்பியது. அவரும் அந்தக் கையோடு அதே பகுதிக்குத் திரும்பி வந்தார்.

தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரும் சொக்சோ காப்புறுதியில் எதுவும் கேட்கவில்லை. விபத்து என்றால்தான் சொக்சோ என்று நினைத்தோம். விரல் போனால் காசு, ஈயம் உடம்புக்குள் போனால் என்ன காசு? ஆனால் 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருக்கிறது, அதில் ஈயத்தால் வரும் நோயும் இருக்கிறது. இதை அந்த அண்ணன் இறந்தபின் தெரிந்துகொண்டேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று ஒரு தயக்கம்.

என் வீட்டுக் கதை ஒன்று உண்டு. யூனிஃபார்ம் ஒரு ஜோடிதான், அதனால் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் மனைவி வாளியில் ஊறவைத்துக் கையால் துவைப்பாள். முதல் தண்ணீர் மழைக்கால ஆற்றுத் தண்ணீர் மாதிரி சாம்பலாக வரும். துவைக்கும் முன் சட்டையைப் பின்வாசலில் உதறுவாள். பக்கத்திலேயே மகள் விளையாடிக்கொண்டிருப்பாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், முகத்தைக் கால்சட்டையில் தேய்ப்பாள். மகளுக்கு முன்னால் என் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போகும், ஆண்களின் விந்தணுவையும் கெடுக்கும் என்று இப்போது தெரியும். அந்த இரண்டுக்கும் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அப்போது அவளுடைய மாமியார் வீட்டில் அவளைத்தான் பேசினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

நம் மலேசியாவில் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷமே, 1984-இல், ஈயத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்துவிட்டன. 1994-இல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், 2000-இல் ஆபத்தான இரசாயனங்களுக்கான விதிமுறை. 2004 விதிமுறைப்படி வேலையால் வந்த நஞ்சை வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் டோஷ் துறைக்கு அறிவிக்க வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தை நீக்கிவிட்டு, திருத்திய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் ஈயம் உடனடி ஆபத்தாக வருவதில்லையே. பத்து வருஷம் சிரித்துக்கொண்டே வரும்.

இப்போது நான் நின்ற இடத்தில் நிற்பது பெரும்பாலும் நேப்பாளிப் பையன்களும் வங்காளதேசப் பையன்களும்தான். 2019 ஜனவரியிலிருந்து அவர்களுக்கும் சொக்சோ உண்டு. அவர்களுக்கு அது தெரியுமா, நம்பரை அவர்கள் பாஷையில் யாராவது சொல்கிறார்களா? தமிழ் பேசும் எனக்கே சொல்லவில்லை.

அம்மா, உங்கள் மகனை வேலையை விடச் சொல்லவில்லை. வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த முறை ரத்தம் எடுத்தால் "ஓகே" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். நம்பர் எத்தனை என்று கேட்கட்டும். தாளைக் காட்டச் சொல்லட்டும், தேதி போட்டு எழுதிவைக்கட்டும். முதல் நம்பரே முக்கியம், அது இருந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். யூனிஃபார்மைக் கம்பெனியே துவைக்க வேண்டும் என்று கேட்கட்டும், முடியாது என்றால் அங்கேயே குளித்து உடை மாற்றி, அழுக்குத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவரட்டும். நீங்கள் அதைத் தனியாகத் துவையுங்கள், உதறாதீர்கள். செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் மகன் குளிக்கும்வரை அதைத் தூக்க வேண்டாம். வாயில் பழைய காசைச் சப்பியது மாதிரி ஒரு ருசி வருகிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், பேட்டரி கம்பெனியில் வேலை என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாலை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மெஷின் பக்கத்தில் குடிக்காமல் எடுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டுக் கை கழுவி, முகம் கழுவி, கேன்டீனில் உட்கார்ந்து குடிக்கட்டும். அதற்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று சூப்பர்வைசர் கேட்டால், எட்டு நிமிஷம் என்று சொல்லச் சொல்லுங்கள். நான் கடைசி வருஷம் அளந்து பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டரி தொழிலாளி,
பட்டர்வொர்த், பினாங்கு.